எத்தனை குதிரை? – கமலையிலிருந்து கனடா வரை

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் கனடாவில் கால்கரியிலிருந்து ஒரு பழைய மாணவன் கூப்பிட்டான். 1994-இல் என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்தவன். அங்கே பனிக்காலத்தில் மலையில் ஓட்டுவதற்கு ஸ்னோமொபைல் ஒன்று வைத்திருக்கிறான். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் டாங்கிக்கு இருப்பது போலச் சுற்றும் பட்டை, ஸ்கூட்டர் மாதிரி உட்கார்ந்து ஓட்ட வேண்டும். டர்போ எஞ்சின். கம்பெனி சொன்னது 165 குதிரைத்திறன். நல்ல பணம் கொடுத்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் ட்யூனிங் செய்திருக்கிறான். "இப்போது 190" என்று ஒரு தாள் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"சார், கூடின மாதிரியும் இருக்கு, கூடாத மாதிரியும் இருக்கு. எப்படி சார் கண்டுபிடிக்கிறது?" என்றான்.

பனியை ஃபிரிட்ஜில் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆனால் இதே கேள்வி ஐம்பது வருஷத்துக்கு முன்பு உசிலம்பட்டி பக்கம் எங்கள் கிணற்று மேட்டில் எழுந்தது. அதற்கு நேர்மையான பதில் சொல்லாததால் ஒரு வெள்ளாமையே போனது. அதனால் அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் வரலாறு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குதிரைத்திறன் என்ற அளவு ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்ததில்லை, வியாபாரத்தில் பிறந்தது. 1780-களில் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சின் விற்றுக்கொண்டிருந்தார். வாங்க வந்த ஆலைக்காரர்களிடம் அதுவரை குதிரைகள்தான் செக்கு மாடு போலச் சுற்றி வேலை செய்தன. அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, "உன் எஞ்சின் எத்தனை குதிரைக்குச் சமம்?" வாட் கணக்குப் போட்டார். 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் ஒரு குதிரை மணிக்கு 144 சுற்று வருகிறது, 180 பவுண்டு விசையோடு இழுக்கிறது. பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு 32,572 அடி-பவுண்டு. அதை 33,000 என்று முழுமையாக்கினார். சாதாரணக் குதிரை நாள் முழுக்க இந்த வேகத்தில் உழைக்காது. கூட்டிச் சொன்னதில் வாட்டுக்கு நஷ்டமில்லை. பத்துக் குதிரை எஞ்சின் வாங்கியவன் பத்துக் குதிரை வேலைக்குக் குறைந்துவிட்டது என்று திரும்பி வந்து சண்டை போட முடியாது. விற்கிறவன் அளவை வாங்குகிறவனுக்குச் சாதகமாக வைத்த அபூர்வமான சம்பவம் அது.

நம் ஊருக்கு வருவோம். மோட்டார் வருவதற்கு முன்னால் நம் கிணறுகளில் கமலை இறைத்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு மாடு, ஒரு வடம், ஒரு கூனை, சரிவான தடம். கூனையில் 150 லிட்டர் தண்ணீர், கிணறு 9 மீட்டர் ஆழம், மாடு இறங்கித் திரும்பி வர 45 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 150-ஐ 9.8-ஆலும் 9-ஆலும் பெருக்கி 45-ஆல் வகுத்தால் 294 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆக ஒரு ஜோடி மாடு கிணற்றடியில் கொடுப்பது அரைக் குதிரைக்கும் குறைவு. மாட்டை இளக்காரமாகச் சொல்லவில்லை. எடை, உயரம், நேரம் மூன்றும் தெரிந்தால் திறனை யாரும் அளந்துவிடலாம், பெரிய கருவி வேண்டாம் என்பதைத்தான் சொல்கிறேன்.

சுழலும் எஞ்சினை அளக்க வழி சொன்னவர் பிரான்சு நாட்டுப் பொறியாளர் காஸ்பார் தெ ப்ரோனி. 1821-இல் அவர் செய்தது எளிமையான ஏற்பாடு. சுழலும் தண்டை இரண்டு மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, கட்டையிலிருந்து நீளமாக ஒரு கை நீட்டி, அதன் நுனியில் எடை தொங்கவிட்டார். கை சுற்றாமல் நிற்க எவ்வளவு எடை வேண்டுமோ அதை வைத்து முறுக்கு விசை தெரியும். அதை நிமிடச் சுற்றுகளோடு பெருக்கினால் திறன் கிடைக்கும். எஞ்சினுக்கு பிரேக் போட்டு அளந்ததால்தான் இன்றும் பைக் விளம்பரத்தில் "பி.ஹெச்.பி." என்று முதலில் ஒரு "பி" நிற்கிறது. இன்று ஒர்க்‌ஷாப்பில் உள்ள டைனோ எந்திரங்கள் ப்ரோனியின் பேரப் பிள்ளைகள்தான்.

திறன் கூடுவதைப் பேசுவதற்கு முன், மதுரை ஒரு தடவை திறன் குறைந்த கதையையும் பார்த்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தார் பஸ்களுக்காகவே கரிவாயு பிளான்ட் வடிவமைத்துத் தயாரித்தார்கள். மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதை எஞ்சினுக்குள் விட்டு ஓட்டினார்கள். காற்றோடு வருகிற நைட்ரஜனே அந்த வாயுவில் ஏறக்குறைய பாதி. நைட்ரஜன் எரியாது. அதனால் அதே எஞ்சின் பெட்ரோலில் கொடுத்த திறனில் மூன்றில் ஒரு பங்காவது, சில சமயம் பாதிகூட, கரிவாயுவில் போய்விடும். என் தாத்தாவுக்கு இந்த வேதியியல் தெரியாது. ஆனால் ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் கரி பஸ் மூச்சு வாங்கும்போது ஆண்கள் எல்லாம் இறங்கி நடந்ததையும், சில நேரம் தள்ளியதையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதே பஸ், அதே ஏற்றம், அதே பயணிகள், மாறியது எரிபொருள் ஒன்றுதான். விஞ்ஞானத்தில் ஒப்பீடு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். தாத்தா அறியாமலே சரியான சோதனையில் கலந்துகொண்டிருக்கிறார்.

இனி டர்போ. எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அந்தச் சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரெட் பூச்சி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் எவ்வளவு கூடுகிறது என்று ஊரறிய அளந்து காட்டியவர் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த சான்ஃபோர்ட் மாஸ். முதல் உலகப் போர்க் காலம். விமானம் மேலே போகப் போகக் காற்று மெலிந்து எஞ்சின் சோர்ந்துவிடும். மேலே பறந்துகொண்டே திறனை அளப்பது கஷ்டம். அதனால் 1918-இல் மாஸ் எஞ்சினையே மலைமேல் ஏற்றினார். லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை லாரியில் வைத்து, கொலராடோவில் 14,000 அடிக்கு மேல் உயரமுள்ள பைக்ஸ் பீக் உச்சிக்குக் கொண்டுபோனார். தரைமட்டத்தில் அந்த எஞ்சின் 350 குதிரை. உச்சியில் டர்போ இல்லாமல் 230. டர்போ மாட்டியதும் அதே உச்சியில் 356.

இந்த மூன்று எண்களையும் நன்றாகப் பாருங்கள். 230-ஐயும் 356-ஐயும் பக்கத்தில் வைத்து "126 குதிரை கூடிவிட்டது" என்று சொல்லலாம், அது உண்மை. 350-ஐயும் 356-ஐயும் பக்கத்தில் வைத்து "6 குதிரைதான் கூடியது" என்றும் சொல்லலாம், அதுவும் உண்மை. எதோடு ஒப்பிடுகிறோம், எந்த உயரத்தில், எந்தக் காற்றில் என்று சொல்லாத குதிரைத்திறன் வெறும் எண். மாஸ் மூன்றையும் அளந்து மூன்றையும் சொன்னார். அதனால்தான் நூறு வருஷம் கழித்தும் அவரை நம்புகிறோம். நம் கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி. டர்போ இல்லாத கார் அங்கே போனால் ஐந்தில் ஒரு பங்கு திறனை மலையடிவாரத்திலேயே விட்டுவிட்டுப் போகிறது.

இப்போது எங்கள் கிணற்றுக் கதை.

நான் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் படித்தபோது வீட்டில் 5 குதிரை மின்மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்காரர், "காயிலை மாத்திக் கட்டித் தர்றேன், ஏழரைக் குதிரை இழுக்கும்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அம்மாவின் சங்கிலியை அடமானம் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் முன்பைவிட உறுமியது. "சத்தத்தைப் பாருடா!" என்று அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் தொட்டி மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம். அது நிறைய 15 நிமிஷம் ஆகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் யாருக்கும் சொல்லாமல் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். பதினாலரை நிமிஷம். ஏழரைக் குதிரை என்றால் பத்து நிமிஷத்தில் நிறைய வேண்டாமா? கிணற்றிலும் தண்ணீர் மட்டம் அன்று ஒரு முழம் ஏறியிருந்தது. அந்த அரை நிமிஷ லாபமும் கிணறு கொடுத்ததாகவே இருக்கலாம். மீட்டர் சக்கரம் மட்டும் பழையதைவிட வேகமாகச் சுற்றியது.

காரணம் பின்னால் வகுப்பில் புரிந்தது. இந்த வகை மோட்டாரின் வேகத்தை மின்சாரத்தின் 50 சைக்கிள்தான் தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு 1,440 சுற்றுப் பக்கம் ஓடுகிற பம்ப், காயிலை எப்படிக் கட்டினாலும் அதே வேகத்தில்தான் ஓடும். வேகம் மாறாவிட்டால் தண்ணீரும் மாறாது. சுற்றைக் குறைத்துத் தடித்த கம்பி போட்டதில் கூடியது கரண்டும் சூடும் உறுமலும்தான்.

நான் கணக்கை நோட்டில் எழுதிவைத்தேன். வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனசு வரவில்லை. பகலில் வோல்டேஜ் குறைவாக இருந்தவரை மோட்டார் தாக்குப்பிடித்தது. பருத்தி காய் பிடிக்கிற நேரம், ஒரு ராத்திரி வோல்டேஜ் ஏறியதும் காயில் கருகிவிட்டது. மறுபடி கட்டக் காசு புரட்டுவதற்குள் செடி வாடிவிட்டது. சங்கிலி திரும்பி வரவில்லை. நோட்டில் எழுதிய அந்த பதினாலரையை அன்றே சொல்லியிருந்தால் பழையபடி மாற்றிக் கட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு முப்பது வருஷம், ஆய்வகத்தில் உங்களை "எழுதுனா மட்டும் போதாது, சத்தமா வாசி" என்று நான் படுத்திய பாட்டுக்கு இதுதான் காரணம்.

கால்கரி மாணவனிடம் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கீழே சிறிய எழுத்தில் "திருத்தக் காரணி 1.13" என்று இருந்தது. கால்கரி கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால், அளந்த எண்ணை 1.13-ஆல் பெருக்கித் தரைமட்டக் கணக்குக்கு மாற்றியிருக்கிறார்கள். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது நியாயம். ஆனால் டர்போ அந்தக் குறையைத் தானே பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. அதற்கும் முழுத் திருத்தம் போட்டால் ஒரே குறைக்கு இரண்டு தடவை நிவாரணம் கொடுத்த மாதிரி. 190-ஐ 1.13-ஆல் வகுத்தால் 168. கம்பெனி சொன்ன 165-க்கும் இதற்கும் வித்தியாசம் மூன்று.

உடனே ஒர்க்‌ஷாப்காரரைத் திட்டக் கிளம்பாதே என்றும் சொன்னேன். ட்யூனிங்குக்கு முன்னால் அதே டைனோவில் அளந்திருந்தால் 165-க்குப் பதில் 150 வந்திருக்கலாம். அப்படியானால் லாபம் 18, அது பெரிய விஷயம். முன்னால் அளக்காததால் அவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

அவனுக்கு நான் சொன்ன வழி இதுதான். பழைய செட்டிங்கைத் திரும்பப் போடச் சொல். அதே எந்திரத்தில், அதே நாளில், அதே பெட்ரோலில் மூன்று தடவை அளக்கட்டும். பிறகு புதிய செட்டிங்கில் மூன்று தடவை. திருத்தம் போடாத எண்களைக் கேட்டு வாங்கு. இலையுதிர் காலத்தில் ஒன்று, பனிக்காலத்தில் ஒன்று என்று அளந்தால் கணக்கு கெட்டுவிடும். 25 டிகிரிக் காற்றைவிட மைனஸ் 10 டிகிரிக் காற்று சுமார் 13 சதவீதம் அடர்த்தி, எஞ்சின் தானாகவே துள்ளும். டைனோ கிடைக்காவிட்டால் ஒரே சரிவில், ஒரே ஆள், மாற்றி மாற்றி ஏறி நேரம் பார். கமலைக் கணக்குதான். எடை, உயரம், நேரம்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "சூடு எவ்வளவு ஏறுதுன்னு பாத்தியா?" பார்க்கவில்லை என்றான். காற்றை அதிகம் அமுக்கி, அதற்கேற்ற பெட்ரோல் போகாவிட்டால் பிஸ்டன் உருகும். எங்கள் மோட்டார் கருகியபோது வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. இவன் வண்டி நிற்கப்போவது ஆள் அரவமில்லாத பனிமலையில். சோதனை முடியும்வரை தனியாக மலைக்குப் போகாதே என்று சொல்லியிருக்கிறேன். சரி சார் என்றான். அவன் மனைவியும் இந்தப் பக்கத்தைப் படிப்பார். அதனால் இதையும் எழுதிவைக்கிறேன்.

சோதனை முடிவு வந்ததும், மூன்றானாலும் பதினெட்டானாலும், இங்கேயே சொல்கிறேன். கமலை இறைத்தவர்கள், கரி பஸ்ஸில் போனவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். கூனை எத்தனை குடம் பிடித்தது, கிணறு எத்தனை ஆள் ஆழம் என்று கேளுங்கள். அந்த எண்கள் அவர்களோடு போய்விடும்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்
மதுரை