வரம்பும் இருப்பும்: மெய்நிகர் கணினிகளுக்கான வள ஒதுக்கீடு குறித்து

ஆய்வு நிறுவனமொன்று தனக்கெனச் சொந்தமாக மேகத்தளம் அமைக்கும்போது, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கோட்டா வகுத்துக் கொடுக்கிறது. நாசாவும் ராக்ஸ்பேசும் 2010இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக் மென்பொருளில், நிர்வாகி எதையும் மாற்றாவிட்டால், ஒரு திட்டத்துக்கு 10 மெய்நிகர் கணினி, 20 கோர், 50 கிகாபைட் நினைவகம் என்பது அந்தக் கோட்டா. குழுவினர் அதைத் தங்கள் பங்காகக் கருதுகிறார்கள். மென்பொருளுக்கு அது உச்சவரம்பு மட்டுமே. அதற்காக எந்தச் சர்வரிலும் எதுவும் எடுத்துவைக்கப்படுவதில்லை. கேட்பவருக்கும் வழங்குபவருக்கும் இடையே எழும் பிணக்கின் வேர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் வாதம். ஆகவே அந்த இடைவெளியின் அளவைக் கேட்பவருக்குத் தெரிவிப்பது நிர்வாகியின் கடமை.

கோரிக்கை செல்லும் வழியைப் பார்த்தால் இது விளங்கும். ஓப்பன்ஸ்டாக்கில் மெய்நிகர் கணினிகளை உருவாக்கும் சேவையான நோவா முதலில் கோட்டாவைச் சரிபார்த்து, 'ஏற்றுக்கொண்டோம்' என்று 202 குறியீட்டுடன் பதிலளிக்கிறது. இடம் தேடுவது அதன் பிறகுதான். பிளேஸ்மென்ட் சேவை இடமுள்ள சர்வர்களைப் பட்டியலிடுகிறது. வடிகட்டிகள் பொருந்தாதவற்றை நீக்குகின்றன. எஞ்சியவை மதிப்பெண்படி வரிசையாகின்றன. எதுவும் தேறாவிட்டால், தகுந்த சர்வர் இல்லை என்ற பொதுவான பிழைச்செய்தி மட்டும் பயனரை வந்தடைகிறது. எந்த வளம் போதவில்லை என்று அதில் இராது.

ஒரு சர்வரின் கொள்ளளவும் வெறும் இயற்பியல் எண்ணிக்கை அன்று. மொத்த அளவிலிருந்து சர்வரின் சொந்தத் தேவைக்கு ஒதுக்கியதைக் கழித்து, மிகை ஒதுக்கீட்டு விகிதத்தால் பெருக்கி வருவதே கொள்ளளவு. நெடுங்காலம் இந்த விகிதம் கோருக்கு 16 ஆகவும் நினைவகத்துக்கு 1.5 ஆகவும் இருந்தது. அதன்படி 64 கோர் கொண்ட சர்வர் 1,024 மெய்நிகர் கோர்களைத் தரலாம். இலகுவான இணையத்தளப் பணிகளை மனத்தில் கொண்டு வகுத்த எண்கள் இவை. அறிவியல், தொலைத்தொடர்புப் பணிகள் பெருகியபின் புதிய சர்வர்களுக்கு அவை 4 ஆகவும் 1 ஆகவும் குறைக்கப்பட்டன. குறைத்தது சரியே. இரண்டு மிகைகளின் விளைவும் ஒன்றல்ல. கோர் போதாவிட்டால் முறைவைத்துப் பகிரப்படும், வேலை தாமதமாகும், அவ்வளவுதான். நினைவகம் தீர்ந்துபோனாலோ லினக்ஸ் கருனி ஏதேனும் ஒரு மெய்நிகர் கணினியின் செயலாக்கத்தையே கொன்றுவிடக்கூடும். பல நாள் ஓடிய கணக்கீடு அதோடு போகும். நினைவகத்தை மிகையாக ஒதுக்கும் நிர்வாகி, பயனருக்குத் தெரியாமலே அவரது உழைப்பைப் பணயம் வைக்கிறார்.

இன்னொரு சிக்கல் சிதறல். பத்துச் சர்வர்களில் தலா 6 கிகாபைட் மீதமிருந்தால், கூட்டுத்தொகை 60. ஆனால் 8 கிகாபைட் கேட்கும் ஒரேயொரு கணினிக்கு அங்கே இடமில்லை. நோவா இயல்பாகவே அதிக நினைவகம் மீந்துள்ள சர்வருக்குக் கூடுதல் மதிப்பெண் தந்து சுமையைப் பரப்புவதால் இந்நிலை எளிதில் வருகிறது. சிறு கணினி கேட்பவர்களுக்கு அதனால் நெரிசல் குறைகிறது. பெரியது கேட்பவர்தான் தவிக்கிறார். பரப்புவதா அடுக்குவதா என்பது பார்வைக்கு ஓர் அமைப்புக்கோப்பு வரி. யார் காத்திருக்க வேண்டும் என்பதையே அது தீர்மானிக்கிறது.

கோட்டாக்களின் கூட்டுத்தொகையை இருப்புக்குள் அடக்கினால் சர்வர்கள் சும்மா கிடக்குமே என்பது வலுவான மறுப்பு. எல்லாரும் தங்கள் கோட்டாவை ஒரே நேரத்தில் பயன்படுத்துவதில்லை. எனவே இருப்பைவிட மிகையாகக் கோட்டா வழங்குவதை நான் எதிர்க்கவில்லை. எதிர்ப்பது அதன் மறைவைத்தான். உறுதியாக இடம் வேண்டுவோருக்குத் தனிவழியும் உண்டு. அமெரிக்காவின் கமீலியன் ஆய்வுத்தளம், ஓப்பன்ஸ்டாக்கின் பிளேசர் சேவையைக் கொண்டு முழுச் சர்வர்களையே குறித்த காலத்துக்கு முன்பதிவு செய்ய விடுகிறது. சிறிய மையங்களுக்கு அந்த அளவு ஏற்பாடு தேவைப்படாது. சில சர்வர்களைத் தனித்தொகுதியாக்கிப் பெரிய கணினிகளுக்கென்றே விட்டுவைத்து, நினைவக விகிதத்தை 1இல் நிறுத்தி, வழங்கிய கோட்டாக்களின் கூட்டுத்தொகையையும் உண்மையான கொள்ளளவையும் கோரிக்கைப் பக்கத்திலேயே அருகருகே காட்டினால் போதும்.