ஃபயர்வாலின் முறையற்ற நிறுத்தம்: அறியும் நெறி

1. வரையறை

இயங்கும் சேவைகளை முடித்து, நினைவகத்தில் தேங்கிய தரவை வட்டில் எழுதி, கோப்பமைப்பை விடுவித்த பின்னரே மின்சாரத்தை நிறுத்துவது முறையான நிறுத்தம். இவற்றுள் ஒரு படி தவறினும் அது முறையற்ற நிறுத்தம். ஃபிரீபிஎஸ்டி மீது அமைந்த பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் போன்ற ஃபயர்வால்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முறையற்று நின்ற கணம் தன்னைப் பதிவு செய்வதில்லை. பதிய வேண்டிய கருவியே அக்கணத்தில் நின்றுவிடுகிறது. ஆகவே, இருக்க வேண்டிய ஒன்றன் இன்மையைக் கொண்டே அதைத் துணிய வேண்டும். அபாவத்தையும் ஓர் அளவையாக எண்ணிய அளவை நூலாரின் வழி இங்கு நமக்குப் பொருந்துகிறது.

2. காரண வகை

காரணம் மூவகைப்படும்: மின்தடை, கர்னல் பேனிக், உறைவு. உறைவாவது, கருவி அசைவற்றுப்போக, ஒருவர் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்க நேர்வது. பேனிக் மட்டும், முன்னேற்பாடு இருப்பின், நினைவகப் படியை ஸ்வாப்பில் விட்டுச்செல்லும். அடுத்த பூட்டில் சேவ்கோர் நிரல் அதை எடுத்துக் கோப்பாக வைக்கும். மற்ற இரண்டிலும் அப்படி எஞ்சுவதில்லை.

3. சான்றுகள்

முதலாவது, தூய்மைக் குறி. யுஎஃப்எஸ் கோப்பமைப்பை எழுதும் நிலையில் மவுண்ட் செய்ததும் இக்குறி நீங்கும். முறையாக விடுவித்ததும் மீண்டும் இடப்படும். பூட்டின்போது குறி இல்லையேல் கர்னல் எச்சரிக்கும்.

இரண்டாவது, சிஸ்லாக் நிரலின் விடைவரி. முறையாக நிற்கும்போது, சிக்னல் 15 பெற்று வெளியேறுவதாக அது ஒரு வரி எழுதும்.

மூன்றாவது, லாஸ்ட் கட்டளை காட்டும் வரிசை. இரண்டு பூட் வரிகளுக்கு இடையே ஷட்டவுன் வரி இல்லையெனில் ஐயம் வலுக்கும்.

4. சான்று பிறழும் இடம்

இசட்எஃப்எஸ் கோப்பமைப்புக்கு யுஎஃப்எஸ் போன்ற தூய்மைக் குறி இல்லை. மின்சாரம் அறுந்தாலும் அது முரணற்ற நிலையிலேயே எழும். படிக்க மட்டும் மவுண்ட் செய்த வட்டில் குறி நீங்குவதே இல்லை. பதிவுகளை ரேம் வட்டில் வைத்திருந்தால் அவை மின்சாரத்தோடு மறையும். எனவே ஒரு சான்றை மட்டும் நம்பலாகாது.

5. நெறி

கோப்பமைப்பு எதுவாயினும் பொருந்துவது சான்றுக்கோப்பு. பூட்டில் இட்டு, முறையான நிறுத்தத்தில் மட்டும் நீக்கப்படும் சிறு கோப்பு இது. அடுத்த பூட்டில் அது எஞ்சியிருந்தால், முந்தைய நிறுத்தம் முறையற்றது.

இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. கோப்பு ரேம் வட்டில் இருத்தலாகாது. இட்டவுடன் சிங்க் கட்டளையால் அதை வட்டில் உறுதிசெய்ய வேண்டும். இல்லையேல் பூட்டை அடுத்து வரும் மின்தடையில் கோப்பே தொலையக்கூடும். பழைய கோப்பு உண்டா என்று பார்த்த பின்னரே புதியதை இட வேண்டும். வரிசை மாறினால் ஒவ்வொரு நிறுத்தமும் முறையற்றதாகவே தோன்றும்.

நேரத்தை அறிய, பதிவுகளை வேறொரு கணினிக்கும் அனுப்பிவைக்க வேண்டும். அங்கு வந்து சேர்ந்த கடைசி வரி கீழெல்லை. அடுத்த பூட் நேரம் மேலெல்லை. ஃபயர்வால் தானே சொல்ல இயலாத கணம் அவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது.