கைக்குழந்தைகளின் முதுகெலும்புப் பக்கவளைவு: குறியீட்டு எண்ணும் மருத்துவப் பதிவும்

ஸ்கோலியோசிஸ் என்பது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, அதனுடன் சற்றுத் திருகியும் காணப்படும் நிலையாகும். எக்ஸ்-ரே படத்தில் இவ்வளைவு காப் கோணம் என்னும் அளவையால் கணக்கிடப்படுகிறது. அக்கோணம் 10 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் மட்டுமே இப்பெயர் வழங்கப்படும். மூன்று வயதுக்குள் கண்டறியப்படும், காரணம் புலப்படாத வளைவைக் குழவிப்பருவ ஸ்கோலியோசிஸ் என்பர். இது ஆண் குழந்தைகளிடம் மிகுதியாகவும், பெரும்பாலும் மார்புப் பகுதியில் இடப்புறம் நோக்கியும் காணப்படுகிறது.

மருத்துவமனைச் சீட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் நோயின் பெயருக்கு அருகே ஓர் ஆங்கில எழுத்தும் சில எண்களும் இருக்கக் காணலாம். அது உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாடாகிய ஐ.சி.டி.-10-இல் அந்நோய்க்குரிய குறியீட்டு எண்ணாகும். குறியீட்டாளர் குழந்தையைப் பார்ப்பதில்லை. மருத்துவர் எழுதியதை மட்டுமே பார்க்கிறார். ஆகவே மருத்துவர் எழுதும் ஒரு சொல் மாறினால் எண்ணும் மாறிவிடும்.

எம் எழுத்தும் க்யூ எழுத்தும்

காரணம் புலப்படாத குழவிப்பருவ வளைவுக்குரிய எண் எம்41.0. முள்ளெலும்பு கருவிலேயே பாதியாகவோ, ஒன்றோடொன்று ஒட்டியோ உருவானதால் ஏற்படும் வளைவுக்குரியது க்யூ76.3. எலும்புக் குறை குறிப்பிடப்படாத பிறவி வளைவும், கருப்பையில் குழந்தை கிடந்த நிலையால் உண்டான வளைவும் க்யூ67.5-இல் அடங்கும். நரம்பு அல்லது தசை நோயால் ஏற்படுவது எம்41.4, அப்போது மூல நோய்க்கும் தனி எண் எழுதப்படவேண்டும்.

“சிறு குழந்தைக்கு இருப்பதால் பிறவியிலேயே வந்தது” என்று கருதுவது இயல்பே. ஆயினும் மருத்துவப் பதிவில் “பிறவி” என்னும் சொல்லுக்குத் திட்டமான பொருள் உண்டு. முள்ளெலும்பு உருவாக்கத்தில் குறை உள்ள குழந்தைகளுக்குச் சிறுநீரகம், இதயம், தண்டுவடம் ஆகியவற்றிலும் குறை இருக்கக்கூடும். எனவே வயிற்று ஸ்கேன், எக்கோ, எம்.ஆர்.ஐ. ஆகிய பரிசோதனைகள் தேவைப்படும். க்யூ76.3 என எழுதவேண்டிய இடத்தில் எம்41.0 என எழுதினால், அடுத்துப் பார்க்கும் மருத்துவர் இப்பரிசோதனைகளை நினையாமல் விடும் வாய்ப்பு உண்டு.

மாறாக நிகழும் பிழை பணத்தைப் பாதிக்கும். இந்தியாவில் பல மருத்துவக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் வெளிப்புறப் பிறவிக் குறைபாடுகளுக்கான சிகிச்சைச் செலவை ஏற்பதில்லை. காரணம் புலப்படாத வளைவுக்குக் கவனக்குறைவாகப் “பிறவி” என்று எழுதப்பட்டால், அந்த ஒரு சொல்லே கோரிக்கையை மறுக்கக் காரணமாகலாம். வகை இன்னும் உறுதியாகாத நிலையில், ஊகித்து எழுதுவதைவிட “ஸ்கோலியோசிஸ், காரணம் ஆய்வில் உள்ளது” என எழுதுவதே முறை, அதற்கு எம்41.9 என்னும் பொது எண் உண்டு. பின்னர் எம்.ஆர்.ஐ. முடிவைக் கண்டு எண் மாற்றப்பட்டால் பெற்றோர் ஐயுற வேண்டியதில்லை. எந்த நாளில், எதன் அடிப்படையில் மாற்றப்பட்டது என்பது மட்டும் பதிவில் இருக்கவேண்டும்.

எண் சொல்லாதவை

எம்41.0-க்குப் பின் வரும் ஐந்தாம் இலக்கம் இடத்தைக் குறிக்கும்: 4 எனில் மார்புப் பகுதி, 5 எனில் மார்பும் இடுப்பும் சேருமிடம், 6 எனில் இடுப்புப் பகுதி. வெளிநாட்டில் சிகிச்சை பெறும் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனப் பதிப்பில் 0 என்பது முதுகெலும்பின் பல இடங்களைக் குறிக்கும். அமெரிக்காவில் வழங்கும் பதிப்பிலோ அதே 0 இடம் குறிப்பிடப்படவில்லை என்று பொருள்படும்.

வளைவு இடமா வலமா, எத்தனை பாகை என்பவற்றை இந்த எண் சொல்வதில்லை. சிகிச்சையை முடிவு செய்பவையோ அவைதாம். பிரிட்டனில் பணியாற்றிய எலும்பியல் மருத்துவர் மின் மேத்தா 1972-இல் விவரித்த, விலா எலும்பும் முள்ளெலும்பும் சேரும் கோணத்தின் இருபக்க வேறுபாடு இன்றும் பயன்படுகிறது. வேறுபாடு 20 பாகைக்குக் குறைவாயின் வளைவு பெரும்பாலும் தானே நேராகும். அதற்கு மேற்பட்டால் வளரும் வாய்ப்பு மிகுதி. வளரும் வளைவுக்கு உரிய காலத்தில் தொடர் மாவுக்கட்டு போடுவதால் பல குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை தவிர்க்கப்படுகிறது அல்லது தள்ளிப்போகிறது. ஆகவே காப் கோணத்துடன் இவ்வேறுபாடும் அறிக்கையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

படம் எடுக்கும்போது குழந்தை படுத்திருந்ததா, உட்கார்ந்திருந்ததா, நின்றிருந்ததா என்பதும் குறிக்கப்படவேண்டும். படுத்த நிலையில் கோணம் குறைவாகத் தெரியும். சென்ற முறை படுத்தும் இம்முறை உட்கார்ந்தும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, வளைவு கூடிவிட்டது என்று அஞ்சும் பெற்றோர் பலர். அளப்பவர் மாறினாலே ஏறக்குறைய 5 பாகை வேறுபாடு வரலாம்.

பதிவுகளைப் பாதுகாத்தல்

2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும நன்னடத்தை விதிமுறைகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். நோயாளி தரப்பில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவற்றை வழங்கவேண்டும். இக்குழந்தைகளுக்கோ எலும்பு வளர்ச்சி முடியும் வரை, அதாவது பதின்பருவம் வரை கண்காணிப்பு தேவை. எனவே முதல் எக்ஸ்-ரே படத்தையும் முதல் சீட்டையும் பெற்றோரே பாதுகாப்பது இன்றியமையாதது. வளைவு முதன்முதலில் கண்டறியப்பட்ட நாளைக் கொண்டே அது குழவிப்பருவ வகையா, மூன்று வயதுக்குப் பின் தோன்றும் எம்41.1 வகையா என முடிவு செய்யப்படுகிறது. படத்தின் அசல் கோப்பைக் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டுப் பெறலாம்; கைப்பேசியில் எடுத்த நிழற்படத்தைக் கொண்டு கோணத்தைச் சரியாக அளக்க இயலாது.

சம்மரியில் பிழை இருப்பதாகத் தோன்றினால், மருத்துவமனையிலிருந்து வெளியேறும் முன்பே சிகிச்சையளித்த மருத்துவரிடம் தெரிவிக்கவும். பில் பிரிவினரோ காப்பீட்டு முகப்பினரோ நோய் முடிவைத் திருத்த இயலாது. மருத்துவர் தம் குறிப்பைத் திருத்தி, நாளிட்டுக் கையொப்பமிட்ட பின்னரே குறியீட்டு எண் மாற்றப்படும். திருத்திய படியுடன் பழைய படியையும் சேர்த்து வைத்துக்கொள்ளவும்.