வாய்க்காற் கரையும் துவிச்சக்கர வண்டியும்

பேலியகொடையிலிருந்து நீர்கொழும்புக்குச் செல்லப் பல வழிகள் உள. 2013 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அதிவேக நெடுஞ்சாலை பேலியகொடையிலேயே தொடங்கி, சதுப்பு நிலத்தின் ஓரமாகக் கட்டுநாயக்கவை நோக்கி ஓடுகின்றது. மோட்டார் வண்டியில் அமர்ந்தவர் இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் அத்தூரத்தைக் கடந்துவிடுவர். வத்தளை, ஜா-எல வழியாகச் செல்லும் பழைய பெருந்தெரு ஒன்றுண்டு. றாகமையிற் கிளைபிரியும் புகையிரதப் பாதையும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேற்கே, கடலுக்கு அணித்தாக, இன்னொரு வழி ஓசையின்றிக் கிடக்கின்றது. அதுதான் வாய்க்காற் கரை. அதிவேக நெடுஞ்சாலையிலே துவிச்சக்கர வண்டிக்கு இடமில்லை. வாய்க்காற் கரையிலோ அதனினும் தக்க வாகனம் பிறிதில்லை.

நேயர்களிற் பலருக்குப் பிரான்சு தேசத்திலே உறவினர் இருப்பர். அங்கே விடுமுறை நாள்களில், தடித்த உருளைகளையுடைய மலைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பழைய வாய்க்கால்களின் கரைகளிலும் வயற்புறங்களிலும் சென்று, கோட்டைகளும் கோவில்களும் நிறைந்த சிற்றூர்களைக் கண்டு வருவது பெருவழக்கமாகிவிட்டது. மலைச் சைக்கிள் 1970 களிலே அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உருப்பெற்றதென்பர். ஆயினும் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, 1951 முதல் 1956 வரை, பாரிஸ் நகரை அடுத்த காடுகளிலும் மேடுகளிலும் இளைஞர் சிலர் தம் சைக்கிள்களைத் தாமே மாற்றியமைத்து ஓட்டித் திரிந்தனர். மேட்டுக்கெனப் பிறந்த அவ்வண்டி, மேடென்பதே இல்லாத நமது கரையிலும் நன்கு உதவுகின்றது. சரளையும் சேறும் நிறைந்த பாதைக்கு அதன் தடித்த உருளைகள் ஏற்றவை.

பேலியகொடை களனி கங்கையின் வடகரையிலுள்ள ஊர். கொழும்பிலிருந்து வெளியே செல்வோர் யாவரும் ஒரு காலத்தில் இங்கேதான் ஆற்றைக் கடந்தனர். எதிர்க்கரையிலுள்ள தொட்டலங்க என்னும் இடத்தின் பெயருக்கே துறையின் அருகு என்பது பொருள். 1822 இல் ஆங்கிலேயர் இங்கே படகுகளை வரிசையாகப் பிணைத்து, மேலே பலகை பரப்பி, மிதக்கும் பாலம் ஒன்றை அமைத்தனர். ஆற்றுப் படகுகள் போதற்பொருட்டு நடுவிலே சில படகுகளை விலக்கி வழிவிடுவர். அதுவரை வண்டிகள் கரையிற் காத்து நிற்கும். 1895 இல் விக்டோரியா இரும்புப் பாலம் வந்தபின் படகுப் பாலம் மறைந்தது. இன்று 2021 இல் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலம் வானளாவி நிற்கின்றது. துறவிகள் கற்ற வித்யாலங்கார பிரிவெனாவும் பேலியகொடையிலேதான் 1875 இல் தோன்றியது. அதுவே 1959 இல் பல்கலைக்கழகமாகி, இன்றைய களனிப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

ஆற்றின் வடகரையோடு மேற்கே திரும்பினால் வத்தளையும் ஹெந்தளையும் வரும். ஹெந்தளையிலே 1708 இல் ஒல்லாந்தர் கட்டிய தொழுநோய் மருத்துவமனை உண்டு. ஆசியாவின் மிகப் பழைய தொழுநோய் மருத்துவமனைகளுள் அஃது ஒன்று. நகருக்கு வேண்டாதவரை ஆற்றுக்கு அப்பால் வைத்தல் அக்காலத்து ஆட்சியாளரின் வழக்கம். அவ்வூரை விட்டு வடக்கே நோக்கினால் வாய்க்கால் நேர்கோடாகத் தோன்றும்.

இந்த வாய்க்காலை நாம் ஒல்லாந்தர் வாய்க்கால் என்று பொதுவாக அழைக்கின்றோம். அப்பெயர் முழு உண்மையன்று. பதினைந்தாம் நூற்றாண்டிலே கோட்டையை ஆண்ட எட்டாம் வீர பராக்கிரமபாகுவே, பாக்கு, மிளகு, கறுவா முதலிய உள்நாட்டு விளைபொருள்களை நீர்கொழும்புத் துறைக்குக் கொண்டு செல்லும்பொருட்டு முதலில் வாய்க்கால் வெட்டுவித்தான் என்பர். பின்னர் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அவ்வேலையைத் தொடர்ந்தனர். ஜா-எல என்பதற்குச் சாவகர் வாய்க்கால் என்று பொருள் கூறுவாரும் உளர். அகலமான, தட்டையான அடியையுடைய, ஓலைக் கூரை வேய்ந்த படகுகள் இவ்வழியே சென்றன. சிங்களத்திலே அவற்றைப் பாருவ என்பர். மரக்கோல் ஊன்றியும், கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுத்தும் அவற்றைச் செலுத்தினர். இன்று சைக்கிள் ஓடும் கரை, கயிற்றைத் தோளிலே தாங்கிய மனிதர் நடந்த கரை.

இவ்வாய்க்காலின் இருமருங்கிலும் பரந்து கிடப்பது முத்துராஜவெல என்னும் சதுப்பு நிலம். நீர்கொழும்புக் களப்பையும் சேர்த்து ஏறக்குறைய 6,000 ஹெக்டேயர் பரப்புடையது. ஒரு காலத்தில் இங்கே நெல் விளைந்தது. செழிப்பாக விளைந்தமையாலேயே அரசரின் முத்துப் போன்ற வயல் என்னும் பொருள்பட அப்பெயர் வந்ததென்று சொல்லுவர். வாய்க்கால் வெட்டப்பட்டபின் கடல்நீர் அதனூடே உள்ளே ஏறியது. வயல்கள் உவர்ந்தன. படகு போக வெட்டிய வழியிலே உப்பும் வந்துவிட்டது. ஆங்கிலேயர் இதனைத் திருத்த முனைந்தனர். உவர்நீரை வடியச் செய்து மீண்டும் வயலாக்கும் நோக்கத்துடன் 1802 இல் புதியதொரு வாய்க்காலைத் தொடங்கி 1804 இல் முடித்தனர். வருவாய் அதிகாரியாயிருந்த கவின் ஹமில்டனின் பெயரால் அது ஹமில்டன் வாய்க்கால் எனப்படுகின்றது. 14.5 கிலோமீற்றர் நீளமுடையது. ஆயினும் பெருக்கின்போது அதுவும் உப்பையே உள்ளே கொணர்ந்தது. ஒரு வாய்க்காலின் தீங்கை மற்றொரு வாய்க்காலால் நீக்க முயன்று தோற்றார்கள். நெல் திரும்பவில்லை. நாணலும் கண்டலும் பறவைகளுமே அந்நிலத்தை எடுத்துக்கொண்டன. 1996 இல் அதன் ஒரு பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இவ்விடத்தில் பிரான்சின் தெற்கே ஓடும் மிடி வாய்க்காலை நினையாதிருத்தல் இயலாது. துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலை அண்டிய தோ களப்பு வரை 240 கிலோமீற்றர் செல்லும் அவ்வாய்க்காலுக்கு 1666 இல் பதினான்காம் லூயி மன்னன் ஆணை பிறப்பித்தான். அதனை வெட்டுவித்த பியேர் போல் ரிக்கே உப்பு வரி வசூலித்தவர். அவர் கண்ட பெருஞ்சிக்கல் நமக்கு வந்த சிக்கலுக்கு நேர்மாறானது. கடல்நீரைத் தடுப்பதன்று, நன்னீரை மேட்டுக்குக் கொணர்வதே அவருக்கு வேண்டியிருந்தது. கரும்மலை எனப்படும் மலைத்தொடரின் ஓடைகளைத் தேக்கி, கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 190 மீற்றர் உயரத்திலுள்ள நோரூஸ் என்னும் மேட்டுக்கு நீரைக் கொண்டுவந்தார். அங்கிருந்து கிழக்கேயும் மேற்கேயும் மதகுப் படிகளால் படகுகள் இறங்கின. வாய்க்கால் 1681 இல் திறக்கப்பட்டபோது ரிக்கே உயிரோடில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்னரே இறந்துவிட்டார். பணம் தர மறுத்த கார்க்கசோன் என்னும் கோட்டை நகரை வாய்க்கால் விலகிச் சென்றது. தவற்றை உணர்ந்த நகரத்தார் 1810 இல்தான் அதனைத் தம் ஊருக்குத் திருப்பிக்கொண்டனர்.

படகிழுத்த குதிரைகள் நடந்த கரையிலே இப்பொழுது சைக்கிள்கள் செல்கின்றன. நிழலுக்காக அங்கே நின்ற பிளேன் மரங்கள் ஏறக்குறைய 42,000. 2006 இல் அவற்றில் ஒருவகைப் பூஞ்சண நோய் காணப்பட்டது. அந்நோய் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கரின் வெடிமருந்துப் பெட்டிகளின் மரத்தோடு பிரான்சுக்கு வந்ததென்பர். பல்லாயிரம் மரங்களை வெட்ட நேர்ந்தது. வாய்க்கால் எதனைக் கொணரும் என்பதை வெட்டுகின்றவன் முற்றும் அறிய முடியாது போலும்.

சைக்கிளைப் பற்றியும் ஒரு சொல். 1888 இலே டன்லப் என்பவர் காற்றடைத்த உருளையை ஆக்கும்வரை சைக்கிளோட்டம் எலும்பை உலுக்கும் தொழிலாகவே இருந்தது. அவ்வுருளைகளுக்குப் பின்னாளில் இறப்பர் தந்த ஆசியத் தோட்டங்களின் தாய்மரங்கள், 1876 இல் பேலியகொடைக்கு வடகிழக்கே கம்பஹாவை அடுத்த ஹேனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டவை. மலையகத்திலும் களுத்துறையிலும் அவ்விறப்பர்த் தோட்டங்களிற் பால் வெட்டியவர்களிற் பலர் தமிழரே.

வாய்க்காற் கரையிலே செல்பவர் உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம, போப்பிட்டிய என்று ஊர் ஊராகக் கடப்பர். கடலுக்கும் வாய்க்காலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பட்டை அது. சந்திதோறும் கண்ணாடிப் பேழைக்குள் புனித அந்தோனியாரோ செபஸ்தியாரோ நிற்பர். முற்றங்களில் வலை உலரும். அதிவேக நெடுஞ்சாலையில் செல்பவருக்கு இவை ஒன்றும் தெரியா. சைக்கிளில் செல்பவருக்கு இன்னும் ஒன்று தெரியும். ஊர்களின் பேச்சு காதில் விழும்.

அப்பேச்சு இன்று பெரும்பாலும் சிங்களம். நீர்கொழும்பிலிருந்து வடக்கே புத்தளம் வரையுள்ள கரையோரத்துக் கத்தோலிக்க மீனவர் பலர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தனர். பாடசாலைகளிலே போதனாமொழி தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியது. சிலாபக் கரையில் இம்மாற்றத்தை முன்னின்று நடத்தியவர், 1940 முதல் அங்கு ஆயராயிருந்த எட்மண்ட் பீரிஸ். கோவிற் பிரசங்கமும் பள்ளிப் பாடமும் ஒரே மொழியில் அமைந்தபின், இரண்டு தலைமுறைகளுள் வீட்டு மொழியும் மாறிற்று. வாளெடுத்து யாரும் வரவில்லை. பாடப்புத்தகம் வந்தது. இதனை ஒரு சாராரின் சூழ்ச்சி என்று மட்டும் சொல்லிவிட்டு அகல்வது எளிது. தம் பிள்ளைகள் அயலவரோடு ஒன்றி வாழவேண்டும் என்று விரும்பிய பெற்றோரும் அங்கிருந்தனர் என்பதை நாம் மறுக்கலாகாது. எனினும் இழப்பு இழப்பே.

மிடி வாய்க்காற் கரையிலும் இதே கதை நடந்தது. அவ்வூர்களின் பழைய மொழி பிரெஞ்சன்று, ஒக்ஸித்தான். 1880 களிலே கட்டாயக் கல்விச் சட்டங்கள் வந்தபின் பிரெஞ்சு மட்டுமே பள்ளிமொழியாயிற்று. தாய்மொழி பேசிய பிள்ளையின் கையிலோ கழுத்திலோ அடையாளப் பொருளொன்றை மாட்டி அவமதித்தலும் உண்டு. இன்று துலூஸ் நகரத்து நிலக்கீழ்ப் புகையிரதத்திலே நிலையங்களின் பெயரை ஒக்ஸித்தானிலும் அறிவிக்கின்றனர். வீட்டிலே பேசுவோர் அருகிய பின்னரே அம்மரியாதை கிட்டியது.

நீர்கொழும்பு மீனவரிற் சிலரிடம் தமிழ் இன்னும் வீட்டு மொழியாக உள்ளது. மொழியியலார் அதனைத் தனியொரு வழக்காக ஆராய்ந்துள்ளனர். நான், நீ, அவன் என்ற மூவர்க்கும் வினைமுற்றை ஒரே வடிவில் வழங்குதல் அதன் இயல்பு. பேச்சுச் சிங்களத்தின் வினையும் அவ்வாறே எழுவாய்க்கேற்ப மாறுவதில்லை. யாழ்ப்பாணத்தவரோ மட்டக்களப்பினரோ இதைக் கேட்டு இலக்கணப் பிழையென்று நகைப்பது பொருந்தாது. இரு மொழிகள் ஒரே தோணியில் நூறாண்டுகள் ஒன்றாகத் துடுப்புப் போட்டதன் தழும்பு அது.

கரை முடிந்து களப்புத் தோன்றும்போது துவ என்னும் சிறு தீவும், பிட்டிபனையும், அப்பால் நீர்கொழும்பும் வரும். ஒல்லாந்தரின் கோட்டை வாயிலில் 1678 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. மிடி வாய்க்கால் திறக்கப்பட மூன்றாண்டுகள் இருந்த காலம் அது. கோட்டைக்குள்ளே இன்று சிறைச்சாலை இருக்கின்றது. பாருவப் படகுகளைப் புகையிரதமும் லொறியும் அழித்துவிட்டன. நீர்கொழும்பு மீன் இப்பொழுது இரவோடிரவாக லொறியில் ஏறிப் பேலியகொடை மீன் சந்தைக்கு வந்துவிடுகின்றது.

களப்பின் கரையில் இறங்கி ஊர்களின் பெயரைக் கேட்கலாம். முன்னக்கரை என்பார்கள். குட்டிதுவ என்பார்கள், குட்டி நம்முடையது, துவ சிங்களத்துத் தீவு. பெரியமுல்ல என்பார்கள், அங்கே பெரிய என்பது தமிழ், முல்ல என்பது சிங்களத்து மூலை. இப்பெயர்களைச் சொல்லுகின்றவர் பெரும்பாலும் சிங்களத்திலேயே வழி காட்டுவர்.