தேநீர், காப்பி: முதியோர் மூளை நலம்

புது தில்லியின் மந்திர் மார்க், 1939இல் காந்தி திறந்துவைத்த பிர்லா மந்திரால் பெயர் பெற்ற சாலை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இங்கே உள்ளது. அரசு வேலைக்கு வந்து, கோல் மார்க்கெட், கரோல் பாக் பக்கம் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் பெரியவர்களுக்கு இரண்டு பழக்கமும் உண்டு: வீட்டில் ஃபில்டர் காப்பி, வெளியே இஞ்சி தட்டிப் போட்ட பால் டீ. இவை மூளைக்கு நல்லவையா என்பது அவர்களுக்கு வெறும் ஆர்வக் கேள்வியன்று. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, முதுமை மறதிநோய் இருப்பதாகத் தில்லி எய்ம்ஸ் பங்கேற்ற லாசி-டாட் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது.

பின்லாந்தில் 1,409 பேரைச் சராசரியாக 21 ஆண்டு கவனித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. நடுவயதில் தினம் 3 முதல் 5 கோப்பை காப்பி குடித்தவர்களுக்கு மறதிநோய் 65 விழுக்காடு குறைவாக வந்திருந்தது. சிங்கப்பூரில் 55 வயதைத் தாண்டிய 957 சீனர்களிடம், தொடர்ந்து தேநீர் குடித்தவர்களுக்கு அறிவாற்றல் குன்றும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாக இருந்தது. ஆனால் பிரிட்டன் மக்களின் தரவைக் கொண்டு நடந்த 2021 ஆய்வொன்றில், தினம் 6 கோப்பைக்கு மேல் காப்பி குடித்தவர்களிடம் மறதிநோய் கூடுதலாகவே தென்பட்டது. அளவு முக்கியமாக இருக்கலாம் என்பதற்கு இது ஓர் அறிகுறி.

இவை எல்லாமே கவனிப்பு ஆய்வுகள். நினைவு மங்கத் தொடங்கியவரே காப்பியைக் குறைத்திருக்கவும் கூடும். ஆகவே தேநீரையோ காப்பியையோ மருந்தென்று பெரியவர்களிடம் சொல்வது தவறு. நம் வீட்டுக் காப்பியில் பாலும் சர்க்கரையும் தாராளம். நீரிழிவே மறதிநோய்க்கு வழிகோலும் காரணங்களில் ஒன்று என்பதால், முதலில் குறைக்க வேண்டியது சர்க்கரையைத்தான்.

களைப்பை உணர்த்தும் அடினோசின் மூளையில் பற்றும் இடத்தைக் கஃபீன் அடைத்துக்கொள்வதால் விழிப்பு வருகிறது. உடலிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்த காப்பியின் கஃபீனில் பாதி, இரவு 10 மணிக்கும் உடலில் இருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் நினைவும் தடுமாறும். தூக்கம் குறைந்த பெரியவர்கள் பிற்பகலுக்குப் பின் காப்பியை விடுவதே நல்லது. காப்பித்தூளில் கலக்கும் சிக்கரியில் கஃபீன் இல்லை. அது கூடுதலாகக் கலந்த தூளில் டிகாக்‌ஷனின் கஃபீன் அளவும் குறையும். மூளை நலத்துக்கு அப்பால் ஓர் எச்சரிக்கை: இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் அதை டீயோடு சேர்த்து விழுங்கக்கூடாது. டீயிலுள்ள டானின் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும்.