கம்பி எவ்வளவு தாங்கும்?

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபப் பெருவிழாவின் ஏழாம் நாள் தேர்த் திருநாள். பஞ்சமூர்த்திகளின் தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாட வீதிகளை வலம் வரும். அண்ணாமலையாரின் பெரிய தேருக்கு வடமாக அமைவது இரும்புச் சங்கிலி. ஆயிரக்கணக்கான கைகள் அதனைப் பற்றி இழுக்க, தேர் அசைந்து புறப்படும் கணத்தில் எல்லாருடைய கண்களும் தேரின் உச்சியை நோக்கும். நானோ சங்கிலியை நோக்குவேன். பல்லாண்டுகள் இயற்பியல் கற்பித்தவனின் பழக்கம் அது. ஒரு வளையம் எவ்வளவு பருமன் இருந்தால் போதும் என்பதை முன்கூட்டியே அறிய மனிதன் எப்போது கற்றுக்கொண்டான்?

நெடுங்காலம் அவன் அதை அறியவில்லை. கொல்லரின் கைப்பழக்கமே கணக்காக இருந்தது. தாங்கினால் அதே அளவில் மறுபடியும் செய்தார்கள். அறுந்தால் அடுத்ததைப் பருமனாக்கினார்கள். அறிவுக்கு விலையாக விபத்தைக் கொடுத்த காலம் அது.

இந்நிலையை மாற்ற வழிகாட்டியவர் இத்தாலிய அறிஞர் கலிலியோ. இழுக்கப்படும் கோலின் வலிமை அதன் நீளத்தைப் பொறுத்ததன்று, குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது என்று 1638இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக், இழுவிசை பெருகும் அளவிற்கேற்ப நீட்சியும் பெருகும் என்று கண்டார். 1676இல் அதனை எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678இல் விடையை அவிழ்த்தார். ஓர் அலகுப் பரப்பின்மீது விழும் விசையையே அளவுகோலாகக் கொள்ளும் கருத்தை 1822இல் பிரெஞ்சு அறிஞர் கோஷி செப்பமாக வகுத்தார். அதனையே நாம் தகைவு என்கிறோம்.

ஹூக்கின் விதிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் சுமையை எடுத்துவிட்டால் கம்பி பழைய நீளத்திற்குத் திரும்பும். அதனைக் கடந்தால் அறுந்துவிடாது. ஆனால் திரும்பவும் மாட்டாது. கம்பி இவ்வாறு நிலையாக நீளத் தொடங்கும் தகைவே நெகிழ்வு வலிமை. அறுபடும் தகைவு அதற்கும் மேலே உள்ளது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாதவன் என்ன ஆவான் என்பதற்கு நானே சான்று.

நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, பள்ளி ஆண்டு விழா மேடைக்கு 100 கிலோ எடையுள்ள விளக்குச் சட்டம் ஒன்றைத் தொங்கவிட வேண்டியிருந்தது. மென் எஃகுக் கம்பி சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 40 கிலோ வரை அறாது என்று புத்தகத்தில் கண்டேன். 100ஐ 40ஆல் வகுத்தால் இரண்டரைச் சதுர மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியின் பரப்பு 3.14. போதும், மிச்சமும் உண்டு என்று மகிழ்ந்தேன். மறுநாள் காலை சட்டம் ஏறக்குறைய ஒரு சாண் இறங்கியிருந்தது. அதன் கீழேதான் மாணவர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பியின் மீதிருந்த தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 32 கிலோ. அதன் நெகிழ்வு வலிமையோ சுமார் 25 கிலோதான். உடனே அதை இறக்கச் செய்தேன். அன்று உடல் நடுங்கியதை இன்னும் மறக்கவில்லை.

சரியான கணக்கு எளிது. நெகிழ்வு வலிமையாகிய 25ஐ எடுத்துக்கொள்க. எதிர்பாராத குலுக்கல், துரு, கண்ணுக்குத் தெரியாத கீறல் ஆகியவற்றுக்காக அதனை 5ஆல் வகுத்திடுக. சதுர மில்லிமீட்டருக்கு 5 கிலோ என்று வரும். 100 கிலோவுக்கு 20 சதுர மில்லிமீட்டர் வேண்டும். விட்டம் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எனவே 6 மில்லிமீட்டர் கம்பியே தக்கது. அந்த ஐந்துதான் காப்பு எண். மனித அறியாமைக்கு நாம் மனமறிந்து ஒதுக்கும் இடம் என்று அதனைக் கூறலாம்.

சங்கிலியில் ஒரு வளையம் அறுந்தால் முழுவதும் அறுந்ததே. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் இத்துன்பத்தைக் கண்ட வில்ஹெல்ம் ஆல்பர்ட், 1834இல் கம்பிக் கயிற்றைச் செய்தார். நான்கு கம்பிகள் கொண்ட புரிகள் மூன்றை முறுக்கிய கயிறு அது. ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும்; பார்ப்பவர்க்கு எச்சரிக்கையும் கிட்டும்.

நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தை அத்தகைய எஃகுக் கம்பிகளே தாங்குகின்றன. அதன் வடங்கள் தேவையைப்போல் ஆறு மடங்கு வலிமை உடையனவாக இருக்கத் திட்டமிடப்பட்டது. 1878இல் ஒரு மோசடி வெளியாயிற்று. சோதனையில் தேறிய நல்ல கம்பிச் சுருள்களை வழியில் மாற்றி, மட்டமானவற்றை ஒப்பந்தக்காரர் அனுப்பியிருந்தார். வடத்தில் சேர்ந்துவிட்ட கம்பியை இனி உருவ முடியாது. பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் மறுபடியும் கணக்கிட்டார். ஆறு மடங்கு ஐந்தாகக் குறைந்தாலும் பாலம் நிற்கும் என்று கண்டு, ஒவ்வொரு வடத்திலும் 150 கம்பிகளைக் கூடுதலாகச் சேர்க்கச் செய்தார். 1883இல் திறக்கப்பட்ட பாலம் இன்றும் நிற்கிறது. காப்பு எண் மனிதனின் வஞ்சகத்தையும் தாங்கிற்று.

ஆனால் அது கவனமின்மையை என்றென்றும் தாங்காது. குஜராத்தின் மோர்பி நகரில், மச்சூ ஆற்றின்மேல் இருந்த தொங்குபாலம் 2022 அக்டோபர் 30 அன்று அறுந்து 135 பேர் மாண்டனர். ஒரு வடத்தில் 49 கம்பிகள். அவற்றுள் 22 துருப்பிடித்து, விபத்துக்கு முன்பே அறுந்திருக்கக் கூடும் என்று விசாரணைக் குழு கண்டது. கணக்கிட்டுப் பாருங்கள். 49 கம்பிகளின் சுமையை 27 தாங்கினால் ஒவ்வொன்றின் தகைவும் ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. பழுதுபார்த்துத் திறக்கும் முன் சுமையேற்றிச் சோதிக்கவும் இல்லை என்று அக்குழு கூறிற்று.

நம் ஊர்களில் புதிய தேரையோ பழுதுபார்த்த தேரையோ, சுவாமி எழுந்தருளும் முன் வெள்ளோட்டம் விடுவார்கள். அந்த வழக்கத்தில் பெரியதோர் அறிவு அடங்கியிருக்கிறது. மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள். கணக்கை நெகிழ்வு வலிமையிலிருந்து தொடங்குங்கள், காப்பு எண்ணைக் குறைக்காதீர்கள், வெள்ளோட்டத்தைத் தவிர்க்காதீர்கள். நீங்கள் அமைக்கும் கம்பியின் கீழே யாரோ ஒருவரின் பிள்ளை நின்றுகொண்டிருக்கும்.