எல்லை தாண்டும் துப்பாக்கி, எல்லை தாண்டாத உரிமை

அமெரிக்காவில் ஒரு மாநிலம் கொடுத்த ஓட்டுநர் உரிமம் எல்லா மாநிலங்களிலும் செல்லும். துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் அப்படிச் செல்லாது. அதையும் நாடு முழுவதும் செல்லுபடியாக்கும் மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 231க்கு 198 என்ற வாக்கில் நிறைவேறியது. செனட்டில் கிடப்பில் போடப்பட்டது. துப்பாக்கிப் பிரியர்களின் சண்டை என்று இதை நாம் ஒதுக்கிவிட முடியாது. இதன் அடியில், யார் குடிமகன் என்ற பழைய கேள்வி கிடக்கிறது.

1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பின மக்கள் குடிமக்கள் ஆக முடியாது என்று தலைமை நீதிபதி ரோஜர் டானி தீர்ப்பெழுதினார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்றைப் பாருங்கள்: குடிமக்கள் என்று ஏற்றால் அவர்கள் எந்த மாநிலத்துக்குள்ளும் நுழைவார்கள், பொதுக்கூட்டம் போடுவார்கள், போகுமிடமெல்லாம் ஆயுதமும் ஏந்துவார்களாம். இன்றைய மசோதா கேட்கும் அதே உரிமை, அன்று குடியுரிமையை மறுப்பதற்கான சாக்காக இருந்தது.

அடிமைமுறை ஒழிந்த 1865லேயே, விடுதலை பெற்றவர்கள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று மிசிசிப்பி சட்டம் போட்டது. உரிமம் கொடுப்பதோ உள்ளூர் அதிகார வாரியம். ஆயுதமில்லாத மக்கள்மீது வெள்ளைக் கும்பல்கள் பாய்ந்தன. 1956இல் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் அலபாமாவில் துப்பாக்கி உரிமம் கேட்டார், மறுத்தார்கள். 1967இல் கறுஞ்சிறுத்தைகள் ஆயுதமேந்திக் காவல்துறையைக் கண்காணித்தபோது, கலிபோர்னியா அவசரமாகத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரீகன். 1972இல் மும்பையில் உருவான தலித் பேந்தர்ஸ் தன் பெயரை எடுத்துக்கொண்டது இந்தச் சிறுத்தைகளிடமிருந்துதான்.

காவலர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பணியில் உள்ளவரும் ஓய்வுபெற்றவரும் எந்த மாநிலத்திலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல 2004லேயே தேசியச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் 2013இல், பென்சில்வேனியா உரிமத்தோடு நியூஜெர்சிக்குள் வந்த கறுப்பினத் தாய் ஒருவர், துப்பாக்கி இருப்பதைத் தானே காவலரிடம் சொன்னதும் கைதானார். சிறைத் தண்டனை தலைக்குமேல் தொங்கியது. 2015இல்தான் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார்.

அப்படியானால் மசோதாவை ஆதரித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். பயிற்சி கேட்கும் மாநிலமும் உண்டு, கேட்காத மாநிலமும் உண்டு. எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றால், மிகத் தளர்வான விதியே நாட்டின் விதியாகும் என்று எதிர்ப்பாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. துப்பாக்கிக் கொலைகளுக்குப் பலியாவோரில் கறுப்பின மக்களின் பங்கு அவர்களது மக்கள்தொகைப் பங்கைவிடப் பல மடங்கு அதிகம். மறுபுறம், நியூயார்க்கின் பழைய உரிமச் சட்டத்தை 2022இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த வழக்கில், அந்தச் சட்டம் சிறைக்கு அனுப்புவது கறுப்பு, லத்தீன் ஏழைகளையே என்று முறையிட்டவர்கள், அந்த ஏழைகளுக்காக வாதாடும் கறுப்பின வழக்கறிஞர்கள்.

2016இல் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டிலிடம் உரிமம் இருந்தது. அவர் எந்த எல்லையையும் தாண்டவில்லை. துப்பாக்கி இருப்பதை மரியாதையாகச் சொன்னார்; காவலர் சுட்டுக் கொன்றார். நடுவர் குழு அந்தக் காவலரை விடுவித்தது. சொந்த மாநிலத்திலேயே செல்லாத காகிதம் ஐம்பது மாநிலங்களில் யாருக்குச் செல்லும்? மசோதாவை ஆதரிப்பவரிடமும் எதிர்ப்பவரிடமும் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.